ஜூலையில் வந்திறங்கியவர்களுக்கு: பேஸ்பால் ஆல்-ஸ்டார் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி?

கோடையில் அமெரிக்காவுக்கு வந்து சேர்கிறவர்கள் வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சமூகப் பாதுகாப்பு எண் என்று அலைந்து முடிப்பதற்குள் ஜூலை நடுப்பகுதி வந்துவிடுகிறது. அந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை இரவு நடப்பதுதான், தொழில்முறை பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக் பேஸ்பாலின் ஆல்-ஸ்டார் ஆட்டம். பேஸ்பாலையே பார்த்திராத ஒருவர் முதன்முதலில் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

மொத்தம் 30 அணிகள், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரு பிரிவுகளில் 15, 15 ஆக ஆடுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். அந்த நீண்ட பயணத்தின் நடுவே சில நாள் ஓய்வு விட்டு, இரு லீகுகளின் சிறந்த வீரர்களும் எதிரெதிராக ஆடும் காட்சிப் போட்டி இது. ஆட்டத்தைத் தொடங்கும் வீரர்களில் பெரும்பாலோரை ரசிகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த அணியும் விடுபடக் கூடாது, குறைந்தது ஒருவராவது தேர்வாக வேண்டும் என்பது விதி. ஆகவே நீங்கள் சியாட்டிலில் குடியேறியிருந்தாலும் டல்லாஸில் குடியேறியிருந்தாலும், எல்லை தாண்டி டொராண்டோவில் இருந்தாலும், உங்கள் ஊர் அணியின் வீரர் ஒருவரை அந்தப் பட்டியலில் காணலாம். 2021 முதல் 2024 வரை லீக் வாரியாகப் பொதுச் சீருடை கொடுத்திருந்தார்கள். 2025-இல் அவரவர் அணியின் சட்டையையே மீண்டும் அணிய விட்டார்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு அது பெரிய உதவி, சட்டையைப் பார்த்தே யார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

முதல் ஆட்டம் 1933 ஜூலை 6 அன்று, சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த கோடையில், செய்தித்தாள் ஒன்றின் விளையாட்டுப் பகுதி ஆசிரியரான ஆர்ச் வார்டின் முயற்சியால் நடந்தது. அதில் முதல் ஹோம் ரன்னை (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல, வேலியைத் தாண்டிப் பறக்கும் அடி) அடித்தவர் புகழ்பெற்ற வீரர் பேப் ரூத். போர்க்காலப் பயணக் கட்டுப்பாடுகளால் 1945-இலும், கொரோனாவால் 2020-இலும் ஆட்டம் நடக்கவில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதல் அரைமணி நேரம் குழப்பமாகவே இருக்கும். இரு அணிகளும் மாறி மாறி 9 இன்னிங்ஸ் ஆடும்; மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு பக்கத்தின் முறை முடிந்தது. பந்து தரையில் படாமல் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து வருகிறது. பேட்டருக்குப் பின்னாலும், இருபுறக் கோடுகளுக்கு வெளியிலும் போகும் பந்துக்கு ரன் இல்லை. முன்னால் விரியும் கால்வட்டத்துக்குள்தான் அடிக்க வேண்டும். அடித்த பந்து அந்தக் கோடுகளுக்குள் விழுந்துவிட்டால், தட்டிவிட்டு நின்று கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது, ஓடியே தீர வேண்டும். 90 அடி இடைவெளியில் உள்ள பேஸ்கள் எனும் மூலைக் குறிகளைச் சுற்றி வந்து, பேட்டர் நின்று அடித்த இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டால்தான் ஒரு ரன்.

என் முதல் ஜூலையில், மாடியில் குடியிருந்த பெரியவர் ஒருவர் தன் வீட்டுக்கு அழைத்து, கட்டம் போட்ட ஸ்கோர் தாளில் பென்சிலால் குறித்துக் காட்டினார். மூன்று ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறிய, அல்லது அடிக்கத்தக்க இடத்தில் வந்தும் விட்டுவிட்ட பந்து ஒரு ஸ்ட்ரைக்) பேட்டர் வெளியேறினால் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு மட்டையையே வீசாமல் நின்று அவுட் ஆனால், அதே எழுத்தை இடம் வலம் திருப்பிப் போட வேண்டும். அந்தத் திரும்பிய எழுத்தைக் கண்டபோதுதான் இந்த ஆட்டத்தில் எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பந்து வீசும் பிட்ச்சர்கள் பெரும்பாலும் ஓர் இன்னிங்ஸ் மட்டுமே வீசுவதால், ஒரே இரவில் பலவிதமான வீச்சுகளைப் பார்த்துப் பழகலாம். பருவ ஆட்டங்களில் அந்த வாய்ப்பு அரிது.

வென்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். புள்ளிப் பட்டியலில் எதுவும் சேராது. 2002-இல் மில்வாக்கியில் 11 இன்னிங்ஸ் ஆடியும் 7–7 என நின்றது. இரு அணியிலும் பிட்ச்சர்கள் தீர்ந்துபோய் ஆட்டம் சமனில் முடிக்கப்பட்டபோது, அரங்கமே கூச்சலிட்டது. அதன் விளைவாக 2003 முதல் 2016 வரை, வென்ற லீகின் அணிக்கு உலகத் தொடர் இறுதியில் சொந்த மைதானச் சாதகம் வழங்கப்பட்டது. ஒரு காட்சிப் போட்டியின் முடிவு பருவத்தின் உச்சப் போட்டியைத் தொடுவது முறையல்ல என்றே நான் நினைக்கிறேன். அதை நீக்கியது நல்லது. இப்போது சமன் என்றால் லீகுக்கு மூவர், ஆளுக்கு மூன்று மட்டை வீச்சு, அதிக ஹோம் ரன் அடித்த பக்கம் வெல்லும். 2025-இல் அட்லாண்டாவில் 6–6 என முடிந்ததும் இந்த விதி முதன்முறையாகப் பயன்பட்டது. கைல் ஷ்வார்பர் மூன்று மட்டை வீச்சிலும் மூன்று ஹோம் ரன் அடிக்க, நேஷனல் லீக் 4–3 என வென்றது.

நேரில் பார்க்கும் சீட்டு விலை மிக அதிகம். புதிதாக வந்தவர் அதற்காகச் செலவிட வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஃபாக்ஸ் அலைவரிசை ஒளிபரப்புவதால், சாதாரண ஆண்டெனா பொருத்திய தொலைக்காட்சியிலேயே இலவசமாகப் பார்க்கலாம். கிழக்குப் பகுதி நேரப்படி இரவு 8 மணியளவில் தொடங்கும். முந்தைய நாள் திங்கட்கிழமை நடக்கும், ஹோம் ரன் மட்டுமே அடிக்கும் போட்டியான ஹோம் ரன் டெர்பியைக் குழந்தைகளோடு பாருங்கள், அதற்கு விதி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறர் வீட்டிலோ அரங்கிலோ பார்த்தால், தேசிய கீதம் ஒலிக்கையில் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நில்லுங்கள்.

ஆட்டத்தின் நடுவே ஒரு நேரம் எல்லாம் நின்றுவிடும். வீரர்கள், அம்பயர்கள், பார்வையாளர்கள் என அனைவரும் எழுந்து, புற்றுநோயோடு போராடுகிற அல்லது அதில் இழந்த ஒருவரின் பெயரை எழுதிய அட்டையை உயர்த்திப் பிடிப்பார்கள். அந்தப் பெரியவரும் ஸ்கோர் தாளின் பின்புறத்தில் மனைவியின் பெயரை எழுதி, தன் வரவேற்பறையில் எழுந்து நின்றார். நானும் பென்சிலை வாங்கி, என் அத்தையின் பெயரைத் தமிழில் எழுதினேன். அது என்ன எழுத்து என்று கேட்டார், சொன்னேன்.

புதன்கிழமை ஆட்டமே இராது. அந்த வார இறுதிக்குள் பருவம் மீண்டும் தொடங்கும். அப்போது உங்கள் ஊர் அணியின் ஆட்டத்துக்கு மேல்தட்டு இருக்கைச் சீட்டு வாங்கிப் போய் வாருங்கள். அங்கே இருக்கைப் பக்கம் பறந்து வரும் பந்தைத் திருப்பி எறிய வேண்டியதில்லை, பிடித்தவருக்கே அது சொந்தம். பக்கத்தில் சிறுவர் யாராவது இருந்தால் அவர் கையில் கொடுத்துவிடுவது இங்குள்ள பலரின் வழக்கம்.