எச்.ஐ.வி. உள்ளவர் பல் எடுக்கப் போகும்போது

ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கும், தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கும் பஸ் ஏறுபவர்கள் உண்டு. அதற்குள் ஈறு வீங்கிச் சீழ் வைத்துவிடும். பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையப் புத்தகம், சாப்பிடும் மாத்திரை டப்பா, கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்றையும் எடுத்துப்போங்கள். நோயைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆனால் சொல்வது உங்களுக்கு நல்லது, காரணம் மருந்துச் சீட்டு. பல் எடுத்ததும் வலிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்றுக்கு ஆன்டாசிட் என்று எழுதுவது வழக்கம். ஏ.ஆர்.டி. மருந்துகளில் ஒன்றான டெனோஃபோவிர் சாப்பிடுபவருக்கு டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பாராசிட்டமால் கேளுங்கள். அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட், இன்னொரு ஏ.ஆர்.டி. மருந்தான டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. அதைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோ ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போடுங்கள்.

சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) குறைவு என்பதை மட்டும் சொல்லிப் பல் எடுக்க மறுப்பது சரியல்ல. பார்க்க வேண்டியது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்): ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000-க்குக் கீழே என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுப்பதே நல்லது.

எச்.ஐ.வி. என்றதும் "கடைசி ஆளா வாங்க" என்று சொல்லும் கிளினிக்கில் யாருமே பல் பார்க்கக் கூடாது. முன்னால் வந்தவர்களுக்குக் கருவியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? யாராக இருந்தாலும் முறை ஒன்றே: கழுவிக் காயவைத்து, பையில் போட்டு, ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் கருவி) 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். பை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். மேலே உள்ள குறி நிறம் மாறியிருக்க வேண்டும். பை ஈரமாக இருந்தால் கிருமி உள்ளே புகுந்திருக்கலாம். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸைப் பல இடங்களில் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைக்கிறார்கள். எச்சிலும் ரத்தமும் அதன் உள்குழாய்க்குள் போகும், துடைத்தால் போகாது. அதுவும் ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டும்.

உங்களுக்குப் பயன்படுத்திய ஊசி கிளினிக் ஊழியர் கையில் குத்திவிட்டால் பிதுக்காமல், வாயில் வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அவர் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணியைத் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும், பரிசோதனை செய்தால்தான் பார்ப்போம் என்பதும் தடை செய்யப்பட்ட பாகுபாடு. மறுத்தால் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அழைத்து வழி கேளுங்கள்.

பல் எடுத்ததும் பஞ்சை அரை மணி நேரமாவது கடித்திருங்கள். அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ வேண்டாம். ரத்தக்கட்டி பெயர்ந்தால் வலி உயிர் போகும். வெற்றிலை, புகையிலைக்கும் லீவு.