கையடக்க டிஜிட்டல் கேமரா: எந்த பட்டன் எதுக்கு?
கேமரா வாங்குன நிறைய பேரு மேல இருக்கற அந்த டயலை ஆட்டோலயே வெச்சுட்டு கடைசி வரைக்கும் திருப்பறதே இல்ல, நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டுனேன்.

முதல்ல ஷட்டர் பட்டன். ஒரே அமுக்கா அமுக்காதீங்க, பாதி அமுக்கி நிறுத்துங்க, ஃபோகஸ் ஆனதும் திரையில பச்சை கட்டம் வரும், அப்புறம் மீதியை மெதுவா அமுக்குங்க. ஆள் ஓரமா நிக்கற மாதிரி வேணும்னா முகத்தை நடுவுல வெச்சு பாதி அமுக்கி, விரலை எடுக்காம கேமராவை நகத்தி எடுங்க.

டயல்ல பி மோடுதான் என் ஃபேவரிட். ஷட்டர் வேகம் (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும்ங்கறது), அப்பர்ச்சர் (லென்ஸ்ல வெளிச்சம் வர்ற துளையோட அளவு) ரெண்டையும் கேமராவே பாத்துக்கும், ஐஎஸ்ஓவும் (வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கற அளவு) ஃபிளாஷும் நம்ம கையில. வெள்ளை சுவர் முன்னாடி எடுத்தா படம் அழுக்கா சாம்பல் கலர்ல வருதா, பிளஸ் மைனஸ் போட்ட பட்டனை அமுக்கி +1 வெச்சு திரும்ப எடுங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

ஓடற குழந்தைக்கு எஸ் மோடு (சில கேமராவுல டிவின்னு போட்டிருக்கும், படம்லாம் ஓடாது!), இதுல ஷட்டர் வேகத்தை நாமளே வைக்கலாம், வெயில்ல 1/500 செகண்ட் வைங்க. அப்பர்ச்சரை நாமளே வைக்கற ஏ மோடுல பின்னணி ரொம்ப மங்கும்னு எதிர்பாக்காதீங்க, படத்தை பதியற சென்சார் இதுல சின்னது.

பூ படம் போட்ட பட்டன் மேக்ரோ, அதாவது சின்ன பொருளை ரொம்ப கிட்டத்துல எடுக்கறதுக்கு, ஜூம் பண்ணாம கிட்ட போய் எடுங்க. டிஜிட்டல் ஜூமை மெனுல ஆஃப் பண்ணிடுங்க, அது வெறும் படத்தை வெட்டி பெருசாக்குற வேலை. ராத்திரில ஐஎஸ்ஓவை ஏத்தினா புள்ளி புள்ளியா வரும், அதுக்கு பதிலா கேமராவை மேசை மாதிரி எது மேலயாவது ஆடாம வெச்சுட்டு 2 செகண்ட் டைமர் போட்டு கையை எடுத்துடுங்க.