தார் பாலைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பி, தண்ணீர், பைனாகுலர் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குளிர்காலத்தில் ஜெய்சல்மேர் பக்கம் புதிதாக வருகிறவர்கள் அதையெல்லாம் குறைவில்லாமல் கொண்டுவருகிறார்கள். கோட்டை விடுவது வேறு இடங்களில்.

குட்டைக் கரையில் முகாம் போடுவது

வறண்ட பூமியில் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் பறவை வரும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். உண்மைதான். உடனே ஜீப்பைக் குட்டையின் விளிம்பு வரை ஓட்டிப்போய், முக்காலியை விரித்து, பிஸ்கெட் பொட்டலத்தையும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தக் காட்சியைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்கவுதாரி தின்பது காய்ந்த விதை. குடிக்காமல் அதற்குத் தாங்காது. வெயில் ஏறத் தொடங்கியதும் பல கிலோமீட்டர் தாண்டிக் கூட்டமாக வரும். நேரே கரையில் இறங்காது. சற்றுத் தள்ளி வெட்டவெளியில் இறங்கி, நோட்டம் பார்த்து, குடுகுடுவென்று நடந்து வந்து, சில நொடிகளில் குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். அந்த வெட்டவெளியில்தான் உங்கள் ஜீப் நிற்கிறது.

சாம் மணல்மேடுகளுக்கு அப்பால் ஒரு குட்டையில் இதை நேரில் பார்த்தேன். கூட்டம் கத்திக்கொண்டே வட்டமடித்தது. இறங்க இடமில்லாமல் திரும்பிப் போனது. கரையில் இருந்தவர் கேமராவைப் பார்த்து, "பறக்கும் படம் பிரமாதம்!" என்றார். குஞ்சு பொரித்த காலமென்றால் கொடுமை இன்னும் அதிகம். ஆண் பறவை வயிற்று இறகில் பஞ்சுபோல நீரை ஏற்றிக்கொண்டு போகும். குஞ்சுகள் அதை உறிஞ்சித்தான் தாகம் தணிக்கின்றன. அது நனையாமல் திரும்பினால் குஞ்சுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

முதல்நாள் மாலையே போய்ச் சேற்றோரம் காலடித் தடங்களைப் பாருங்கள். எந்தப் பக்கமாக வருகின்றன என்று தெரிந்துவிடும். மறுநாள் விடிந்ததும், அதற்கு எதிர்ப்பக்கம், 100 மீட்டராவது தள்ளி வண்டியை நிறுத்தி, உள்ளேயே இருங்கள். ஆடு ஓட்டி வருகிறவர் முறைத்தால் வண்டியை இன்னும் தள்ளி நிறுத்துங்கள், குட்டை அவருடையது.

ஒரே நாளில் பாலைவனத் தேசியப் பூங்காவும் கீச்சனும்

பூங்கா ஜெய்சல்மேர் பக்கம். அங்கிருந்து பலோடி அருகிலுள்ள கீச்சன் கிராமம் 150 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே குர்ஜா என்று ஊரில் அழைக்கும் கொக்குகள் (Demoiselle Crane) ஊரார் இறைக்கும் தானியத்துக்குக் காலையில்தான் இறங்குகின்றன. பூங்காவுக்கும் காலைதான் வேண்டும். ஒன்றை விட்டுக்கொடுங்கள்.

டிபன் முடித்துக் கிளம்புவது

கானல் எழுந்தபின் தொலைநோக்கியில் கானமயில் என்ற பெரிய தரைப்பறவையும் எருக்கஞ்செடியும் ஒன்றுபோல நெளியும்.

கானமயிலைத் துரத்துவது

கூடாது. ஓட்டுநர் தடத்தை விட்டு வண்டியை இறக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள், பணம் கொடுத்தது நீங்கள்.

பறவைக் குரலின் பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பது

வேண்டாம்.

மதியத்தை வீணாக்குவது

தரையில் எதுவும் தெளியாத நேரத்தில் பலர் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சூடேறிய காற்றில் பிணந்தின்னிக் கழுகுகள் மிதப்பது அப்போதுதான். கேஜ்ரி (வன்னி) மர நிழலில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பாருங்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்த பெரிய கருங்கழுகும் அதில் இருக்கும்.