மனநல மருத்துவரிடம் போகும் வழியில் நாம் செய்யும் தவறுகள்

மனநோய் இருக்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. நோயாளி சொல்வது, கூட வந்தவர் சொல்வது, எதிரே உட்கார்ந்து டாக்டர் கவனிப்பது. இந்த மூன்றையும் வைத்துத்தான் மனச்சோர்வா, பதற்ற நோயா, இல்லாத குரல் கேட்கும் மனச்சிதைவா, ஒரு சமயம் சோர்வும் ஒரு சமயம் அளவுமீறிய உற்சாகமும் வரும் இருமுனைக் கோளாறா என்று முடிவுக்கு வருகிறார்கள். சொல்ல வேண்டியது விட்டுப்போனாலோ, சொல்லக் கூடாத இடத்தில் போய்ச் சொன்னாலோ கணிப்பு தப்பாகிவிடும். நம் குடும்பங்களில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் வந்து சேர்கின்றன.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. சிகிச்சை பெறாதவர்களின் அளவு நோய்க்கு நோய் மாறினாலும், 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. ஆஸ்பத்திரி தூரமாக இருப்பது ஒரு காரணம். பக்கத்திலேயே இருந்தும் போகாதவர்களும், போய்ப் பாதியில் விட்டவர்களும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உடம்பிலேயே தேடிக்கொண்டிருப்பது

மனச்சோர்வு வந்தவர் “மனசு சரியில்லை” என்று வந்து நிற்பது நம்மூரில் குறைவு. தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, கை கால் அசதி, பசியில்லை, நெஞ்சை அடைக்கிறது, வயிறு முழுக்க கேஸ் என்றுதான் ஆரம்பிக்கும். பேனிக் அட்டாக் என்றால் இன்னும் மோசம். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும், இதோ உயிர் போய்விடும் என்று தோன்றும். ஆட்டோ பிடித்து ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். இசிஜி நார்மல். அடுத்த மாதம் திரும்பவும் அதே ஓட்டம். எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோபி என்று ஃபைல் தடித்துக்கொண்டே போகும்.

நெஞ்சு வலி என்றால் முதலில் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும், அதில் சமரசம் கூடாது. எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் நான்காவதாக ஓர் இதய மருத்துவரைத் தேடிப்போவதுதான் தவறு. “ஒண்ணுமில்லை, டென்ஷன் ஆகாதீங்க” என்று டாக்டர் அனுப்பிவைத்தால், “இது பேனிக் அட்டாக்கா இருக்குமா, மனநல டாக்டரைப் பார்க்கட்டுமா?” என்று நாமே வாய்விட்டுக் கேட்கலாம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. தைராய்டு குறைந்தால் சோர்வு, மந்தம், அழுகை, உடல் எடை கூடுவது எல்லாம் வரும். பார்ப்பதற்கு அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். பி12 குறைபாடும் ரத்தசோகையும் இப்படி ஏமாற்றும். 70 வயதுப் பெரியவர் நேற்றுவரை தெளிவாக இருந்து, இன்று திடீரென்று ஆள் தெரியாமல் உளறுகிறார் என்றால், உப்புச்சத்து குறைந்ததோ, சிறுநீர்த் தொற்றோ, வேறு உடல் கோளாறோ இருக்கலாம். அவரை அன்றே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். மனநல மருத்துவர் முதல் நாளே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் “மனசுக்கு எதுக்கு ரத்தம்?” என்று தட்டிக்கழிக்காதீர்கள். மேலே சொன்ன நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவே அதை எழுதுகிறார்.

யாரிடம் போகிறோம் என்று தெரியாமல் போவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் எம்.டி. சைக்கியாட்ரியோ டி.பி.எம்.மோ டி.என்.பி.யோ படித்தவர். நோயைக் கணிக்கவும் மருந்து எழுதவும் அவரால் முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு. எம்.ஃபில். போன்ற சிறப்புப் படிப்பு படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். உளவியல் சோதனைகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் அவர் வேலை, மருந்து எழுத மாட்டார். கவுன்சலர் என்ற பலகைக்குப் பின்னால் நல்ல பயிற்சி பெற்றவரும் இருப்பார், சில வார ஆன்லைன் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவரும் இருப்பார். எங்கே படித்தீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவே கிடையாது. கேட்டால் முகம் சுளிப்பவரிடம் போகாமல் இருப்பது நல்லது. “மூன்றே அமர்வில் ஹிப்னாடிசத்தால் நிரந்தரத் தீர்வு” என்று விளம்பரம் செய்பவர்களிடமும்தான்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள் என்கிறார், நாள்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார், பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய் சம்பந்தமில்லாமல் நடந்துகொள்கிறார் என்றால் நேராக மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். இவற்றைக் கவுன்சலிங்கால் மட்டும் சரிசெய்ய முடியாது. அங்கே செலவாகும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். பரீட்சை பயம், கணவன் மனைவி சண்டை, ஒரு சாவின் துக்கம் என்றால் நல்ல ஆலோசகரிடமே தொடங்கலாம்.

தமிழ்நாட்டில் எங்கே போவது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பணம் இல்லையே என்று எத்தனையோ பேர் நின்றுவிடுகிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் என்று தனியாகவே ஒன்று ஓடுகிறது. ஓபி சீட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் டாக்டரும் மருந்தும் இலவசம். கூட்டம் இருக்கும், ஒரு நாள் சம்பளம் போகும், அதற்குத் தயாராகப் போங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794இல் தொடங்கியதன் தொடர்ச்சி அது. அந்த ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருப்பதால், போக வேண்டியவர்கள்கூடப் போகக் கூசுகிறார்கள். மனச்சிதைவுக்கென்றே 1984 முதல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் இயங்குகிறது. எதுவுமே புரியாத நிலையில் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இலவசம்தான், தமிழிலேயே பேசுவார்கள்.

டாக்டர் அறைக்குள் மறைப்பது

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இது. அரசு மருத்துவமனை ஓபியில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று. இருபது வயதுப் பையன், கூட அப்பாவும் அம்மாவும். “தூக்கம் எப்படி தம்பி?” என்று டாக்டர் கேட்கிறார். பையன் வாயைத் திறப்பதற்குள், “நல்லாத்தான் சார் தூங்குறான்” என்கிறார் அப்பா. டாக்டர் விடவில்லை. படுத்ததும் தூக்கம் வருகிறதா, வந்து விடியற்காலை 3 மணிக்கே முழிப்பு தட்டிவிடுகிறதா, முழித்ததும் மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பையன் அம்மாவைப் பார்க்கிறான், தலையைக் குனிந்துகொள்கிறான். கடைசியில் டாக்டர் பெற்றோரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்குகிறது.

மேலோட்டமாகக் கேட்பது போலத் தோன்றும் அந்தக் கேள்விகளுக்குக் காரணம் இருக்கிறது. தூக்கம் வர நேரமாவது பெரும்பாலும் பதற்றத்தில். விடியலுக்கு வெகு முன்பே முழிப்பு வந்து, காலையில் மனம் கனத்துக் கிடப்பது கடுமையான மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று. “நல்லாத்தான் தூங்குறான்” என்ற ஒற்றை வரி அந்த வித்தியாசத்தை அழித்துவிடும். ஆகவே குடும்பத்தினர் இருவழியிலும் கவனமாக இருக்க வேண்டும். நோயாளியைத் தனியாகப் பேச விடுங்கள். அதோடு, உங்கள் கண்ணில் பட்டதை நீங்களும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சிதைவு உள்ளவர் தனக்கு எதுவுமே இல்லை என்பார், குரல் கேட்பதை அவராகச் சொல்லமாட்டார். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் எப்படி இருந்தார், என்ன மாறியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது ரொம்ப உதவும். கூட்டமான ஓபியில் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான்.

வழக்கமாக மறைக்கப்படுபவை மூன்று. ஒன்று குடி, கஞ்சா. இன்னொன்று, பழைய உற்சாகக் காலம். இருமுனைக் கோளாறு உள்ளவர் டாக்டரிடம் வருவது பெரும்பாலும் சோர்ந்து கிடக்கும்போதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மாதம் தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், கடன் வாங்கி மூன்று தொழில் தொடங்கி, ஊரெல்லாம் பணத்தை இறைத்ததை யாரும் சொல்வதில்லை. அப்போது நன்றாக, சுறுசுறுப்பாக இருந்தார் என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். அதைச் சொல்லாவிட்டால் டாக்டர் வெறும் மனச்சோர்வு என்று கணித்து அதற்கான மருந்தை மட்டும் கொடுப்பார். அந்த மருந்து தனியாகக் கொடுக்கப்பட்டால் சிலருக்கு மறுபடியும் அந்த வெறியான உற்சாகத்தைக் கிளப்பிவிடக்கூடும்.

மூன்றாவது தற்கொலை எண்ணம். சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, முயற்சி நடந்ததையே விபத்து என்று பதிவு செய்யச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதன் 115ஆவது பிரிவு சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே இல்லை. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைப்பதும் அதே மனநலச் சட்டப்படி மருத்துவரின் கடமை. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்றும் பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. யாரோ கேட்டார்களே என்று பலருக்கு நிம்மதிதான். ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஆபத்து நெருக்கமாகத் தெரிந்தால் 108.

நோய்க்கு ஒரு பேர் வேண்டும் என்று அவசரப்படுவது

இணையத்தில் கிடைக்கும் 9 கேள்விப் பட்டியலில் 18 மதிப்பெண் வந்ததும், தனக்குக் கடும் மனச்சோர்வு என்று முடிவு கட்டுகிறார்கள். டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள அந்தப் பட்டியல் போதும், நோயைக் கணிக்கப் போதாது. சில நோய்கள் முதல் சந்திப்பில் பிடிபடாது. போகப்போகக் கணிப்பு மாறினால் டாக்டருக்கு விவரம் தெரியவில்லை என்று அர்த்தமாகிவிடாது.

மருந்தில் நடக்கும் குளறுபடிகள்

மனச்சோர்வு மருந்து வேலை செய்ய 2 முதல் 6 வாரம் வரை ஆகும். குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிவதற்கு முன்னால் தொந்தரவு தெரிவதால், பத்தாவது நாளே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த கட்டத்தில் நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். முதல் முறை மனச்சோர்வு என்றால், குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

மனநல மருந்து எல்லாமே அடிமையாக்கும் என்பது தவறு. பழக்கமாகிவிடக் கூடியவை அல்பிரசோலம், குளோனசெபம் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகள். அவற்றைக் கொஞ்ச காலத்துக்குத்தான் எழுதுவார்கள். வருத்தம் என்னவென்றால், டாக்டர் எழுதிய எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தை விட்டுவிட்டு, “தூங்குனா சரியாயிடும்” என்று பழைய சீட்டைக் காட்டி இவற்றை மட்டும் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மருந்து சாப்பிட மறுப்பவருக்குச் சாம்பாரில் பொடித்துப் போடுவது இன்னொன்று. சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகமே நோயாக இருப்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் யாரையும் நம்பமாட்டார். மறுக்கிறார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை போடும் ஊசி மாதிரி வேறு வழிகள் இருக்கின்றன.

கல்யாணமும் கோயிலும்

“ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்.” இதை நான் மென்மையாகச் சொல்லப்போவதில்லை. நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம் இரண்டு பேரின் வாழ்க்கையை நாசமாக்குகிறது. கல்யாண அலைச்சல், தூக்கமின்மை, தெரிந்துவிடுமோ என்று மாத்திரையை நிறுத்துவது எல்லாம் சேர்ந்து சில வாரங்களிலேயே நோயைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். மருந்து சாப்பிட்டுக்கொண்டு நல்ல குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். எதிர்த் தரப்புக்குத் தெரிந்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ புளியம்பட்டிக்கோ போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நம்பிக்கை பலருக்குப் பிடிமானம். அங்கே போவதற்காக மருந்தை நிறுத்துவதும், ஆளை அங்கேயே விட்டுவிட்டு வருவதும்தான் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி இறந்துபோனார்கள். இன்று யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவது 2017 சட்டப்படி தடை. அதே ஏர்வாடி தர்காவில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்க அரசு மனநல சிகிச்சை ஏற்பாடு செய்திருக்கிறது.

டாக்டரை மாற்றும்போது

ஒரு டாக்டரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றுவதில் தப்பில்லை. பழைய சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, “முதல்ல இருந்து புதுசா பார்க்கட்டும்” என்று போவதுதான் தப்பு. எந்த மருந்து எந்த அளவில் எத்தனை வாரம் கொடுத்தும் கேட்கவில்லை, எது கேட்டது, எதனால் கை நடுங்கியது, எடை கூடியது என்பதெல்லாம் புதிய டாக்டருக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே தோற்ற மருந்தையே மறுபடி எழுதி இன்னொரு ஆறு வாரம் வீணாகும். குடும்பத்தில் யாருக்காவது ஒரு மருந்து நன்றாகக் கேட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், தேர்வு செய்யும்போது டாக்டர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கி, சீட்டுகளை ஃபோனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. காப்பீட்டுக்கு மனுப் போடும் நாளில் முதலில் கேட்பதும் இந்தக் காகிதங்களைத்தான்.