செம்மறிக் குட்டி பிறந்த முதல் நாள்: படிப்படியாக என்ன செய்ய வேண்டும்

ஈரத்தோடு தரையில் விழும் குட்டிக்கு உடம்பிலுள்ள கொழுப்பு சுமார் ஐந்து மணி நேரத்துக்குத்தான் சூடு கொடுக்கும். அதற்குள் சீம்பால் வயிற்றுக்குப் போய்விட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆடுகள் ஈனத் தொடங்கும் முன்பே தெர்மாமீட்டர், 7 முதல் 10 சதவீத டிங்சர் அயோடின், 60 மில்லி சிரிஞ்சு, குட்டிக்கான பால் குழாய், பழைய துண்டுகள் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

1. மூச்சு

மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை விரலால் வழித்தெடுங்கள். மூச்சு வரவில்லையென்றால் மூக்குத் துவாரத்தில் வைக்கோல் துரும்பை விட்டு நெருடுங்கள். தும்மலோடு மூச்சும் வரும். விலாவைத் துண்டால் நன்றாகத் தேய்க்கலாம். மூச்சு சீரானதும் குட்டியைத் தாயின் முகத்தருகே வைத்துவிட்டு விலகிவிடுங்கள். வாசனையை வைத்துத்தான் தாய் தன் குட்டியை அடையாளம் காணும். நாமே துடைத்துச் சுத்தமாக்கினால் அது குட்டியை ஒதுக்கிவிடக்கூடும்.

2. தொப்புள்கொடி

அகன்ற வாயுள்ள சிறு கிண்ணத்தில் அயோடினை ஊற்றி, கொடி முழுவதும் அடிவயிறு வரை மூழ்கும்படி முக்குங்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை. ஈரக்கொடி, கிருமிக்குத் திறந்துவிட்ட வாசல். உள்ளே போன கிருமி மூட்டுகளில் தங்கும். நாள் கழித்து முட்டி வீங்கிக் குட்டி நொண்டும்போதுதான் விஷயம் தெரியவரும்.

3. காம்பு

இரண்டு காம்புகளையும் இரண்டு மூன்று முறை பீச்சிப் பாருங்கள். நுனியில் மெழுகு போன்ற அடைப்பு இருக்கும். அது போகாவிட்டால் குட்டி எவ்வளவு சப்பினாலும் பால் வராது. ஒரு பக்கம் மடி கல் போல இறுகி, சூடாக இருந்தால் அது மடிநோயாக இருக்கலாம்.

4. சீம்பால்

நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் குட்டிக்குக் கிடைப்பதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சும் திறன் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய முடிந்துபோகும். ஆகவே முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மில்லி, 24 மணி நேரத்தில் மொத்தம் கிலோவுக்கு 200 மில்லி. 4 கிலோ குட்டிக்கு முதல் வேளை 200, நாள் முழுவதும் 800.

மடியில் முட்டுவதைப் பார்த்துக் குடித்துவிட்டது என்று நம்பாதீர்கள். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். விலாவுக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்தால் ஒன்றும் போகவில்லை. இரட்டைக் குட்டிகளில் சின்னதுதான் பெரும்பாலும் ஏமாந்து நிற்கும்.

5. குட்டி சில்லிட்டால்

வாய்க்குள் விரல் விடுங்கள். குளிர்ந்திருந்தால் ஆசனவாயில் வெப்பம் பாருங்கள். 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. 37க்கும் 39க்கும் இடையில் இருந்தால் துடைத்து, சீம்பால் கொடுத்து, கதகதப்பான இடத்தில் விடுங்கள்.

37க்குக் கீழே போனால் வயதைக் கணக்கிட வேண்டும். பிறந்து ஐந்து மணி நேரம் ஆகாத குட்டியைத் துடைத்துச் சூடேற்றி, 37ஐத் தாண்டியதும் பால் கொடுக்கலாம். அதற்கு மேல் வயதான குட்டிக்கு இரத்தத்தில் சர்க்கரை தீர்ந்திருக்கும். அப்படியே சூடேற்றினால் வலிப்பு வந்து சாகும். முதலில் வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும். அது கால்நடை மருத்துவர் வேலை, பழகாதவர் கை வைக்க வேண்டாம். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: நல்லது செய்வதாக நினைத்து விளக்கடியில் போட்டுவிடுவார்கள்.

குழாயில் கொடுப்பதானால் வாயிலிருந்து கடைசி விலா எலும்புவரை குழாயை அளந்து அடையாளமிட்டு, நாக்கின் ஓரமாக மெல்லச் செலுத்துங்கள். இருமினால் உடனே உருவிவிடுங்கள், அது நுரையீரல் பக்கம் போகிறது. தலையைத் தூக்க முடியாத குட்டிக்குக் குழாய் போடவே கூடாது.

6. அடுத்த நாட்கள்

தாயையும் குட்டிகளையும் ஒன்றரை மீட்டர் சதுர அடைப்பில் ஒன்றிரண்டு நாள் தனியாக வையுங்கள். தண்ணீர் வாளியை உயரத்தில் மாட்டுங்கள். தரையில் வைத்தால் குட்டி விழுந்து மூழ்கும். நஞ்சுக்கொடி தொங்கினால் இழுக்காதீர்கள்.

காலையும் மாலையும் ஒவ்வொரு குட்டியையும் தட்டி எழுப்புங்கள். வயிறு நிறைந்தது எழுந்ததும் சோம்பல் முறிக்கும். பட்டினி கிடப்பது முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். மஞ்சள் சாணம் ஒட்டி ஆசனவாய் அடைத்திருந்தால் வெந்நீர்த் துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். எச்சில் ஒழுகி, வயிறு உப்பி, வாய் குளிர்ந்திருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.