பஸ்ஸை நம்பாமல் மட்டக்களப்பு வாவியின் இரு கரையும் சுற்றுவது எப்படி

வாவியின் கிழக்குக் கரையில் குருமண்வெளித் துறையில் நின்றால் எதிரே மேற்குக் கரையில் மண்டூர் தெரியும். ஆனால் பாதை என்கிற மிதவை ஓடாத நாளில் அங்கே போய்ச் சேர, களுவாஞ்சிகுடிக்கு வந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, போரதீவுப் பக்கமாக ஒரு பெரிய சுற்று சுற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை, பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். பிரதான வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை, உள்ளே போகப் போகத்தான் கஷ்டம்.

1. முதலில் கரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிற கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிகிற வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, மண்டூர் எல்லாம் படுவான்கரை. மட்டக்களப்பு நகரத்தில் கோட்டையும் காந்தி பூங்காவும் இருக்கிற புளியந்தீவை நடந்தே பார்த்துவிடலாம். வாவி 50 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதனால் எந்த இடத்தில் கடக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

2. பாலமா, பாதையா?

நகரத்திலிருந்து வவுணதீவுக்கு வலையிறவுப் பாலம். தெற்கே எழுவான்கரை ஊர்களுக்குக் கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே 2013இல் புதியது திறந்தார்கள். ஆரையம்பதி தாண்டி மேற்கே திரும்பினால் மண்முனைப் பாலம், நேரே கொக்கட்டிச்சோலை. 2014 வரைக்கும் அந்த இடத்திலும் பாதைதான், நோயாளியைக் கொண்டுபோவதென்றாலும் துறையில் காத்து நின்றுதான் கடக்க வேண்டியிருந்தது, அந்தப் பாலத்தின் அருமை படுவான்கரைச் சனத்துக்குத்தான் தெரியும்.

பாதை என்று இங்கே சொல்வது ஆளையும் வாகனத்தையும் ஒன்றாக ஏற்றிக் கடத்துகிற மிதவையை. குருமண்வெளி–மண்டூர், குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, வடக்கே சந்திவெளி–திகிலிவெட்டை ஆகியவை பலருக்கும் தெரிந்த துறைகள். அன்றைக்குப் பாதை ஓடுகிறதா, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று துறையடிக் கடையில் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

3. வாகனம்

என்னைக் கேட்டால் மோட்டார் சைக்கிள்தான். ஒருநாள் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், பெற்றோலை எழுவான்கரையிலேயே நிரப்பிவிடுங்கள். சைக்கிளும் நல்லது, தரை மட்டமானது, மேடு கிடையாது. ஆனால் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மேற்கே பார்த்து மிதிப்பது பெரும்பாடு, வெயில் ஏறுவதற்கு முன் படுவான்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். ஓட்டோ என்றால் போகவர, காத்து நிற்க எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள், உள்ளூரில் திரும்பி வர வேறு ஓட்டோ கிடைக்கும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

4. பாதையில் ஏறும்போது

வருகிறவர்கள் முழுக்க இறங்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள். அப்புறம் வண்டியை ஓட்டிக்கொண்டு ஏறாமல் இறங்கி உருட்டிக்கொண்டு ஏறுங்கள், பலகை ஈரமாக இருந்தால் சில்லு வழுக்கும். எங்கே நிறுத்துவது என்று பாதைக்கார அண்ணன் சொல்வார், பாரம் ஒரு பக்கம் சாயாமல் பார்ப்பது அவர் பொறுப்பு, அவர் பேச்சைக் கேளுங்கள். ஸ்டாண்டை மட்டும் நம்பாமல் பிரேக்கைப் பிடித்தபடி வண்டிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், பிள்ளைகளை ஓரத்தில் விடாதீர்கள், உயிர்காப்பு அங்கி இருந்தால் வெட்கப்படாமல் கேட்டுப் போடுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். மண்டூர் முருகன் கோயில் திருவிழா நாட்களில் சனம் நெரியும், கூட்டம் கூடிவிட்டால் அடுத்த பாதைக்கு நில்லுங்கள்.

5. மழையும் யானையும்

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. வாவி பெருகும், படுவான்கரையின் தாழ்ந்த வீதிகளுக்கு மேலால் தண்ணீர் பாயும், பாதையையும் நிறுத்துவார்கள். பாய்கிற தண்ணீருக்குள் வண்டியை இறக்கவே வேண்டாம்.

மற்றது யானை. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்து ஊர்களில் யானையால் உயிர்கள் போயிருக்கின்றன, அங்குள்ளவர்கள் பொழுதுபட்டால் தனியே வெளிக்கிடமாட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எழுவான்கரைக்கு வந்துவிடுங்கள். மண்டூரில் கடைசிப் பாதையை விட்டுவிட்டால், இருட்டும் முன் பட்டிருப்புப் பாலத்துக்கு வந்து சேர நேரம் இருக்கிறதா என்று ஊராரிடம் கேளுங்கள், இல்லையென்று சொன்னால் அங்கேயே தங்கிவிட்டு விடிய முதல் பாதையில் வாருங்கள்.