அனிமே எபிசோடு சொதப்பினால் யாரைத் திட்டுகிறோம்? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஒரு வாரம் சண்டைக் காட்சி பிரமாதமாக இருந்தால் "பட்ஜெட்டைக் கொட்டியிருக்கிறார்கள்" என்கிறோம். அடுத்த வாரம் கதாநாயகனின் முகம் கோணினால் "பட்ஜெட் தீர்ந்துபோச்சு" என்கிறோம். அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், ரசிகர்களிடம் அதிகம் புழங்கும் தவறு இதுதான்.

முக்கிய அசைவுகளை வரையும் கீ அனிமேட்டர்களில் பலர் ஃப்ரீலான்சர்கள். கூலி பெரும்பாலும் கட் கணக்கில், அதாவது ஷாட்டுக்கு இவ்வளவு என்று. ஒருவர் ஜன்னலோரம் நின்று பேசும் கட்டுக்கும் பத்துப் பேர் வாள் வீசும் கட்டுக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. சண்டை அழகாக வந்திருந்தால், கை தேர்ந்த ஒருவர் கிடைத்திருக்கிறார், அவருக்குப் போதுமான நாளும் கிடைத்திருக்கிறது என்றுதான் பொருள்.

நாள் ஏன் போதாமல் போகிறது என்பதற்கு ஒரு கட் கைமாறும் வழியைப் பார்க்க வேண்டும். இருபது சொச்சம் நிமிட எபிசோடு சுமார் 300 கட்களாகப் பிரியும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெரிய காகித உறை. கீ அனிமேட்டர் முதலில் லேஅவுட் போடுவார்: கேமரா எங்கே, பாத்திரம் எங்கே, பின்னணி எப்படி. அது இயக்குநரிடம் போய் ஒப்புதலாகி வந்தபின் முக்கிய அசைவுகளை வரைவார். அதற்குக் கென்கா என்று பெயர். நிழல் எங்கே முடிகிறது என்பதைக் கலர் பென்சில் கோட்டால் காட்டுவார். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்; எந்த ஓவியம் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்பதை டைம்ஷீட்டில் குறிப்பார். ஒரு தாளில் 6 நொடி, அதாவது 144 ஃபிரேம். அப்புறம் உறை சக்கானிடம் போகும். சக்கான் என்பவர் அந்த எபிசோடின் ஓவிய மேற்பார்வையாளர். ஆளுக்கு ஒரு கை என்பதால் ஒரே பாத்திரம் பத்து விதமாக வந்திருக்கும். அவர் மேலே மெல்லிய வண்ணத்தாளை வைத்து, கண்ணையும் தாடையையும் மறுபடி வரைந்து ஒரே முகமாக்குவார். பிறகு முக்கிய ஓவியங்களுக்கு நடுவே வரும் இடையசைவு வரைபவர்கள், வண்ணம், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் பிரிவு. இந்த உறைகளை வீடுவீடாக, ஸ்டுடியோ ஸ்டுடியோவாக, நள்ளிரவில்கூட கார் ஓட்டிப்போய் வாங்கி வருபவர் தயாரிப்பு உதவியாளர். டோக்கியோவின் சுகினாமி, நெரிமா பகுதிகளில் ஸ்டுடியோக்கள் நெருக்கமாக இருப்பதால் இது நடக்கிறது. எங்காவது ஓர் உறை தாமதமானால் அடுத்தவர்கள் எல்லாருடைய நாளும் குறையும். ஒளிபரப்புத் தேதி மட்டும் நகராது.

எபிசோடு முடிவில் ஓடும் பெயர்களைப் பாருங்கள். சக்கான் இடத்தில் ஓரிரு பெயர்களுக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தால், பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஆள் சேர்த்து முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிவியில் கோணிய முகம் ப்ளூ-ரேயில் திருத்தப்பட்டு வருவதும் உண்டு.

சரி, ஓடும் காட்சியை நிறுத்தி, ஒரு ஃபிரேமை வெட்டியெடுத்துக் கேலி செய்வது அடுத்த தவறு. வேகமான அசைவில் கையை இழுத்து, முகத்தை நீட்டி வரைவது வேண்டுமென்றே செய்வது. ஓடும்போது வேகமாகத் தெரிய வேண்டியதை நிறுத்திப் பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கும். நொடிக்கு 24 ஓவியம் இல்லையே என்று குறைபடுவதும் இந்த வகைதான். ஒரு ஓவியம் மூன்று ஃபிரேம் நின்றால் நொடிக்கு 8 ஓவியம் போதும். 1963-இல் காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகாவின் ஸ்டுடியோவான முஷி புரொடக்‌ஷன் வாராவாரம் அரைமணி நேரத் தொடராக 'அஸ்ட்ரோ பாய்' கொடுத்தபோது இந்தச் சிக்கனம்தான் அதைச் சாத்தியமாக்கியது. பின்னால் வந்தவர்கள் அதையே ஒரு கலையாக்கினார்கள். எங்கே அசையாமல் நிற்பது, எங்கே திடீரென்று ஓவியங்களைக் கூட்டுவது என்ற கணக்கில்தான் ஒரு அனிமேட்டரின் தனிக் கை தெரியும்.

"இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே வரைந்துவிடும்" என்பதும் சரியில்லை. செல்லுலாய்டு தாளில் பெயின்ட் அடிக்கும் வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. 'சசாயே-சான்' என்ற டிவி தொடர் மட்டும் 2013 வரை பழைய முறையில் தாக்குப்பிடித்தது. கோடு இழுப்பது இன்றும் பெரும்பாலும் மனிதக் கைதான், காகிதத்திலானாலும் டேப்லெட்டிலானாலும்.

ஸ்டுடியோ பெயரை வைத்து மொத்தத்தையும் எடைபோடுவதிலும் சிக்கல் உண்டு. இடையசைவும் வண்ணமும் தென்கொரியா, சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் என்று போகின்றன. அதற்காக "வெளிநாட்டில் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று பாய்வதும் அநியாயம். கடைசி நாளில் வந்து, விடிவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய வேலை எந்த ஊரில் செய்தாலும் அப்படித்தான் இருக்கும். எல்லாரையும் மாதச் சம்பளத்தில் வைத்து, உள்ளேயே பயிற்சி கொடுத்து, பெரும்பாலான வேலையை வெளியே விடாமல் செய்த ஸ்டுடியோவும் இருக்கிறது. கியோட்டோ அனிமேஷனின் சீரான தரத்துக்கு அதுதான் காரணம். 2019 ஜூலை 18 அன்று நடந்த தீவைப்பில் அங்கே 36 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் சேர்ந்து வளர்ந்த கைகள் அவை.

தொடர் உலகமெங்கும் ஓடினால் வரைந்தவர்களும் பணக்காரர்கள் ஆகியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பதிப்பகம், டிவி நிறுவனம், பொம்மைக் கம்பெனி, இசைக் கம்பெனி எல்லாம் சேர்ந்த தயாரிப்புக் குழுதான் பணம் போடுகிறது, லாபமும் அங்கேயே போகிறது. குழுவில் முதலீடு செய்யாத ஸ்டுடியோவுக்குப் பேசிய தயாரிப்புத் தொகைதான் முக்கிய வருமானம். இடையசைவு வரையும் புதியவருக்கு ஓர் ஓவியத்துக்குச் சுமார் 200 யென் என்ற கணக்குதான் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. முகம் கோணிய எபிசோடின் ஸ்கிரீன்ஷாட்டில் நாம் தேடிப்பிடித்து டேக் செய்வது இவர்களைத்தான். அந்த ஒளிபரப்புத் தேதியைக் குறித்தவர்களை யாரும் டேக் செய்வதில்லை.